என் குட்டையில் இறங்கியவள்

உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தொடங்கினால் இடையில் எங்கேயாவது அது எட்டிப் பார்க்கும். இந்த மனுசிக்கு நம்மீது என்ன கோபம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். கோபம் ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் மடிகிறது, சேற்றில் இறங்கினால் நீங்களே ஏறி வருகிறீர்கள், அவ்வளவுதான். பனி உருகும் காலத்தில் நீங்கள் காட்டுக்குப் போகிறீர்கள். நான் மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று எதிர்வீட்டுக் கூரையில் பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காட்டு உயிர்கள் வாழும் இடங்களைக் கணக்கெடுக்கும் இந்தத் தொழிலுக்கு மொன்றியலில் தமிழ்ப் பிள்ளைகள் வருவீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை. என் காலத்தில் "என்ன வேலை?" என்று கல்யாண வீட்டில் கேட்டால், "தவளை பார்க்கிறன்" என்பேன். கேட்டவர்கள் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறீர்கள். வலை பிடிப்பதையும் படிவம் நிரப்புவதையும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள். வந்த கொஞ்ச நாளில் நீங்களே கண்டிருப்பீர்கள். ஒருவர் "என் சதுப்பு" என்பார், இன்னொருவர் "என் பாறை" என்பார். நிலம் நகரசபையுடையது, இல்லாவிட்டால் யாரோ ஒரு கம்பனியுடையது. ஆனாலும் அது "என்" சதுப்புத்தான். என்னை வேலைக்கு எடுத்த முதல் தலைவர், கியூபெக்காரர், இதில் பெரிய ஆள். ஒரு குளிர்காலத்தில் ஆற்றோரப் பூங்கா ஒன்றில் பகல் முழுவதும் ஆந்தை ஒன்று வந்து தூங்கியது. பெரிய கமெரா வைத்திருந்த ஒரு மனிதர் வந்து, ஆந்தை எங்கே என்று கேட்டார். தலைவர் தொப்பியைக் கழற்றி, மிகுந்த மரியாதையோடு, பூங்காவின் நேரெதிர் மூலையைக் காட்டினார். அந்த மனிதர் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் பனியில் புதைந்து புதைந்து போனார். "என் மனைவிக்கே நான் சொல்லவில்லை" என்றார் தலைவர் என்னிடம். ஒரு உயிர் தூங்கும் இடத்தை அறிந்தவர்கள் குறையக் குறைய அதற்கு ஆயுசு கூடும் என்பது அவர் கட்சி. அன்றைக்கு எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போயிற்று. ஒளித்துவைப்பதைச் சம்பளம் தந்து செய்யச் சொல்கிறார்களே!

அந்தத் தலைவர் ஓய்வு பெற்ற பிறகுதான் மைதிலி வந்தாள்.

மைதிலி சென்னைக்காரி. என்னைவிட இளையவள். உயிரியலில் பெரிய பட்டம் வாங்கியவள். நான் கோட்-டெ-நெய்ஜில் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களைத் துப்புரவாக்கிக்கொண்டே படித்து, தொழில்நுட்ப உதவியாளராக வந்தவள். நான் பார்ப்பேன், எண்ணுவேன், குறிப்பேன். அதற்குக் கீழே உயிரியலாளர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் நிறுவனம் அவளை நாடு முழுவதும் அனுப்பியது. பசிபிக் கரையில் பாசி தொங்கும் மழைக்காடு, நடுவிலே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, வடக்கே கால் வைத்தால் அமிழும் கரிச்சேற்று நிலம், கிழக்கே கடல் வந்து போகும் உப்புச் சதுப்பு. போன இடமெல்லாம் படம் எடுத்துவந்து அலுவலகச் சுவரில் ஒட்டுவாள். கோப்பி எடுக்கப் போகிற வழியில் அந்தச் சுவர். தினமும் கனடா முழுவதையும் கடந்துதான் நான் கோப்பி குடித்தேன்.

எனக்குக் கிடைத்தது மொன்றியல் தீவு. பாலத்துக்குக் கீழே, வடிகாலுக்குப் பின்னே, பண்டகசாலை வேலிக்கு அப்பால்.

"அக்கா, நீங்களும் ஒரு தடவ வரணும்க்கா. அங்க மரத்தப் பாத்தா அழுதுடுவீங்க" என்பாள்.

"ஓம், பேந்து பாப்பம்" என்பேன். எனக்கு அழுவதற்கு மரம் எதற்கு, நீ ஒருத்தி போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவள் கெட்டிக்காரி என்பதுதான் பெரிய கரைச்சல். அரைகுறையாக இருந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். காது அப்படி, கண் அப்படி. கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து ஒரு கேள்வி கேட்பாள். அதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியாக இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. தீவின் மேற்கே, புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வரிசைக்குப் பின்னால், வேலிக்கும் ஒரு சிறு மேப்பிள் காட்டுக்கும் இடையில், ஒரு குட்டை. பனி உருகினால் நிறையும். ஆனி மாதத்தில் சுருங்கும். ஆவணியில் போனால் கறுத்த இலை மட்டும்தான் கிடக்கும். வீட்டுச் செருப்போடு நடந்து போகலாம். வற்றுவதுதான் அதன் சிறப்பு. வற்றுகிற தண்ணீரில் மீன் தங்காது, மீன் இல்லாவிட்டால் தவளை முட்டையைத் தின்ன ஆளில்லை. அங்கே பாடுவது காட்டுத்தவளை. வாத்துக் கூட்டம் கத்துவதுபோல இருக்கும். குளிர்காலம் முழுவதும் இலைக்கு அடியில் உறைந்து, இதயமும் நின்று, கல்லாகக் கிடக்கும். வெயில் பட்டதும் எழும்பிப் பாடப் போகும். இந்த நாட்டுக் குளிருக்குப் பழக நான் பட்ட பாட்டை நினைத்து அந்தத் தவளையிலும் எனக்குப் பொறாமை வந்ததுண்டு.

அந்தக் குட்டைக்கென்று தனியாக ஒரு சோடி நீண்ட ரப்பர் சப்பாத்து வைத்திருந்தேன். வேறு எங்கும் அதைப் போட்டதில்லை. கோயிலுக்கென்று எடுத்துவைத்த சேலைமாதிரி காரின் பின்பெட்டியில் மடித்துக் கிடக்கும். நான் குட்டையில் எதையும் அசைப்பதில்லை. ஓரமாக நடப்பேன், எண்ணுவேன், வந்துவிடுவேன்.

ஒரு வசந்தத்தில் பண்டகசாலைக்காரர்கள் லொறி நிறுத்துமிடத்தைப் பெருப்பிக்க நினைத்தார்கள். அவர்கள் அமர்த்திய ஆள் முந்தின ஆவணியில் வந்து பார்த்திருக்கிறார். ஆவணியில் என்ன இருக்கும்? "வெறும் பள்ளம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை நகரசபைக் கூட்டம். அது உயிருள்ள குட்டை என்று காட்ட வேண்டுமானால், உயிரியலாளர் கையெழுத்தோடு திங்கள் காலையில் அறிக்கை வர வேண்டும் என்றார்கள். இந்தச் செய்தி எங்களுக்கு எட்டியதே வார இறுதியில்தான். தீவுக்குப் பொறுப்பான எங்கள் உயிரியலாளர் சுகவீன விடுப்பில் இருந்தார். மைதிலி பசிபிக் கரையிலிருந்து ஞாயிறு திரும்பி வந்துகொண்டிருந்தாள். விமான நிலையம் பக்கத்தில்தானே, நேரே குட்டைக்கு வரச் சொல்கிறேன் என்றார் எங்கள் புதிய தலைவர்.

மைதிலி என் குட்டைக்கு! ஆனால் வேறு வழி இல்லை.

விமானம் பிந்திவிட்டது. டாக்ஸியில் வந்து இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. தவளைகள் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"சாரிக்கா, ஃப்ளைட் லேட். வாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று பையைத் திறந்து இடுப்பு வரை வரும் நீர்க்காற்சட்டையை எடுத்தாள். அதோடு சேர்ந்த சப்பாத்தின் அடியைப் பார்த்தேன். மேற்குக் கரையில் கல் வழுக்கும் என்று தடித்த கம்பளித்துணியில் அடி தைத்திருப்பார்கள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"இது எங்க போட்டது?"

"அங்கதான்க்கா. நேத்து வரைக்கும்."

"அங்க தவளையள் கும்பலாச் செத்துக் கிடக்குதெண்டு நீங்கள்தானே போனில சொன்னனீங்கள்?"

"ஆமா. சாம்பிள் லேபுக்குப் போயிருக்கு. என்னன்னு இன்னும் தெரியல. மருந்து போட்டுக் கழுவிட்டேன்க்கா."

"ரப்பர் அடியெண்டால் கழுவினாப் போதும். இது துணி. உள்ளுக்கு ஈரம் நிக்குது, நோய்க்கிருமியும் அதோட நிக்கும். நாள்க்கணக்கில காய வைக்காமல் இறங்கேலாது."

மைதிலி என்னைப் பார்த்தாள். களைத்த முகம். "ரூல் எனக்கும் தெரியும்க்கா. நாளைக்கு ரிப்போர்ட் போகலன்னா இந்தக் குட்டையே இருக்காது. இல்லாத குட்டைக்கு நோய் வந்தா என்ன, வராட்டி என்ன?"

நல்ல கேள்வி. வழமைபோல நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"குட்டை போனால் ஒரு குட்டைதான் போகும்" என்றேன். "நோய் வந்தால் இஞ்சயிருந்து காட்டுக்குப் போகும், காட்டிலயிருந்து ஓடைக்குப் போகும், பிறகு தீவு முழுக்க. நான் இறங்கிப் பாத்துச் சொல்லுறன், நீங்கள் கரையில நிண்டு எழுதுங்கோ."

"நான் கண்ணால பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதிலும் அவள் சரி. புதுச் சப்பாத்து வாங்கலாமென்றால், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கியூபெக்கில் எந்தக் கடை திறந்திருக்கும்? தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பாலும் பீரும்தான் கிடைக்கும். தலைவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் என்னிடம், "அவளை இறங்க விடு, நான் பொறுப்பு" என்றார். நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள், தவளைக்கு வந்து மருந்து கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

அப்போதுதான் மைதிலி சொன்னாள்: "உங்களுக்கு என்மேல பொறாமைக்கா. ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நான் இங்க கால் வைக்கறது உங்களுக்குப் பிடிக்கல. அதுக்கு ரூல் ஒரு சாக்கு."

முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. கோபத்தில் "நீங்கள்" "நீர்" ஆகிவிட்டது.

"ஓம், பொறாமைதான். நீர் வந்த நாளிலயிருந்து பொறாமைதான். அதுக்காக உம்மட சப்பாத்து காஞ்சிடுமே?"

சொல்லிவிட்டேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே குத்திக்கொண்டு நின்றது. பிள்ளைகளே, நான் எழுத வந்தது இந்த இடத்தைத்தான். விதி "விடாதே" என்கிறது. வயிற்றெரிச்சலும் "விடாதே" என்கிறது. இரண்டும் ஒரே குரலில் பேசும்போது, எதைக் கேட்டு நான் மறிக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்மனதைக் கேட்டுப் பயனில்லை. உள்மனது எனக்குச் சொந்தக்காரி, எனக்குச் சார்பாகத்தான் சாட்சி சொல்வாள். எனக்குத் தோன்றிய வழி இதுதான்: விதிக்குப் பிடித்ததாகவும் பொறாமைக்குப் பிடிக்காததாகவும் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதைச் செய்ய வேண்டும். செய்ய முடிந்தால், முதலில் மறித்ததும் நேர்மையாகத்தான் மறித்தேன் என்று நம்பலாம்.

அப்படி ஒன்று இருந்தது. என் காலில் இருந்தது.

கரையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதில் உட்கார்ந்தேன். சப்பாத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். "இந்தாரும், போடும்" என்றேன். என் வாழ்க்கையில் சீதனமாகக் கொண்டுவந்த நகையைக் கழற்றிக் கொடுத்தபோதுகூட அவ்வளவு நோகவில்லை.

மைதிலி வாங்கினாள். கையை மருந்தில் கழுவினாள். எனக்குப் பெரிய பாதம், அவளுக்குச் சின்னது. மேலதிகமாக ஒரு சோடி காலுறையைத் திணித்துக்கொண்டு, வாத்து நடப்பதுபோல நடந்து என் குட்டையில் இறங்கினாள். நான் காலுறையோடு பிளாஸ்டிக் பையில் நின்றேன். குளிர் எலும்பில் ஏறியது.

நான் ஓரமாகத்தான் நடப்பேன் என்று சொன்னேனே. அவள் நேரே நடுவுக்குப் போனாள். அங்கே ஒரு கிளை முறிந்து விழுந்து பல வருடமாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது. கையை மடித்துவிட்டு அதைப் பிடித்தாள்.

"அதைத் தொடாதேயும்!" என்று கத்தினேன். தவளைகள் எல்லாம் ஒரேயடியாக நிறுத்திவிட்டன.

மைதிலி மெதுவாகக் கிளையைத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். பிறகு அசையாமல் நின்றாள்.

"என்ன?" என்றேன். "என்ன இருக்குது அங்க? சொல்லுமன்!"

"முட்டைக்கா. சாலமாண்டர் முட்டை. கிளை முழுக்க ஒட்டியிருக்கு."

சாலமாண்டர் உங்களுக்குத் தெரியும். பார்த்தால் பல்லி, உறவு தவளையோடு. தவளை மட்டும் என்றால் பண்டகசாலைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். தெருவோர வடிகாலிலும் தவளை கத்தும். சாலமாண்டர் அப்படி இல்லை. தான் பிறந்த குட்டையைத் தேடித்தான் அது திரும்பி வரும், நேற்று வெட்டிய பள்ளத்துக்கு வராது. அந்த முட்டை இருந்தால் அது பழைய குட்டை, காட்டோடு சேர்ந்த குட்டை. அதற்குமேல் ஒரு சாட்சியும் தேவையில்லை.

அத்தனை வசந்தமாக அது என் குட்டையில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. என்னுடையது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்து, ஒரு கிளையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இப்போது அதை அவள் பார்க்கிறாள், என் சப்பாத்தில் நின்று. நான் சப்பாத்தில்லாமல் கரையில் நிற்பதால் கிட்டப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. அவள் தொலைபேசியில் படம் எடுத்துவந்து காட்டினாள். கண்ணாடி போன்ற சிறு சிறு கொத்துகள், நடுவில் கடுகுபோலக் கரும்புள்ளிகள். எவ்வளவு வடிவு! எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்திலா எரிச்சலிலா என்று கேட்காதீர்கள், பாதிப் பாதி.

அறிக்கை காலையில் போனது. நகரசபை குட்டையை விட்டுவிட்டு, லொறிகளை மறுபக்கம் நிறுத்தச் சொன்னது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கில் மைதிலியின் பெயர். அன்றிலிருந்து எல்லோரும் அதை "மைதிலியின் குட்டை" என்று சொல்லத் தொடங்கினார்கள். நானும் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். நல்ல கேக்தான், இறங்கவில்லை.

வீட்டில் என் மனிதர், நகரத்துப் பஸ் ஓட்டுபவர், விழுந்து விழுந்து சிரித்தார். "இஞ்ச பார், ஒரு குட்டைக்கு ரெண்டு பொம்பிளையள் சக்களத்திச் சண்டை பிடிச்ச கதையை நான் எங்கயும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சப்பாத்தைக் கழட்டிக் குடுத்தது நீதானே?"

"ஓம்."

"பிறகேன் நித்திரை கொள்ளாமல் புரளுறாய்?"

சரியானதைச் செய்தால் மனம் குளிரும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் குளிர்ந்தது பாதம் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் மேற்கிலிருந்து ஆய்வுகூட முடிவு வந்தது. அங்கே தவளைகள் செத்தது நோயால் அல்ல. கடைசிக் குளிரில் குட்டை அடிவரை உறைந்துபோனதால்; அந்த இனத்துக்கு எங்கள் காட்டுத்தவளைபோல உறைந்து எழும்பத் தெரியாது. மைதிலி அந்தத் தாளை என் மேசையில் வைத்து, "ஸோ, நான் இறங்கியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுக்கா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், கெட்ட எண்ணம் இல்லை. "அண்டைக்கு அது உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்ட்" என்றாள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு முடிவை எடுத்த நேரத்தில் கையில் என்ன இருந்ததோ, அதை வைத்துத்தான் அதற்கு விலை போட வேண்டும். பிறகு வருகிற தாள்கள் பிறகு வருகிறவைதான்.

சில வருடங்களில் மைதிலிக்குப் பசிபிக் கரையிலேயே பெரிய பதவி கிடைத்தது. கிடைக்கத்தானே வேண்டும். போகும் நாளில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? வருஷா வருஷம் தவளை கத்த ஆரம்பிச்சதும் எனக்குப் போன் பண்ணி, ஃபோனக் குட்டைப் பக்கம் நீட்டுங்க. நான் கேட்டுக்கறேன்."

"உமக்கு அங்க இல்லாத தவளையே?"

"அங்க எல்லாம் இருக்கு. அது வேலை." பிறகு மெல்லிய குரலில், "நான் எவ்வளவோ எடம் பாத்துட்டேன்க்கா. எந்த எடத்துக்கும் ரெண்டாவது வருஷம் போனதில்ல" என்றாள்.

நான் சம்மதித்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் போய் நின்று தொலைபேசியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டுவேன். மறுபக்கத்தில் அவள் மூச்சுக்கூட விடமாட்டாள். முடிந்ததும் "தேங்க்ஸ்க்கா" என்று வைத்துவிடுவாள். ஆனால் ஒன்றை அவளுக்கு நான் சொன்னதில்லை: முதல் நாள் நான் அழைப்பதில்லை. முதல் நாள் தனியாகப் போய், தனியாகக் கேட்டுவிட்டு, பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாள்தான் அழைப்பேன். "இப்பதான் துவங்கியிருக்குது" என்று பொய் சொல்வேன்.

என் முழங்கால் போன வருடத்தோடு முடிந்துவிட்டது. குட்டை இப்போது உங்களில் ஒருவருக்குப் போகப்போகிறது. யாருக்கு என்று எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் உன்னுடையது; அதை யாருக்கும் கொடாதே, எனக்கும் கொடாதே. இரண்டாம் நாள் எனக்கு ஒரு அழைப்பு எடு. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, என் மனிதரின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பிறகு நானே மைதிலிக்குச் சொல்கிறேன், மூன்றாம் நாள்.